இருக்கைக்கும் சுவருக்கும் இடையில்

மனைவி இருந்தவரை தொலைபேசி அவளுடைய கையில்தான் இருந்தது. மகள் எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்று, “சாப்பிட்டாளோ எண்டு கேள்” என்பேன். “அங்க குளிரோ எண்டு கேள்” என்பேன். அவள் எனக்கும் சேர்த்துக் கதைத்து முடிப்பாள். அவள் இறந்து ஒரு வருடமாகிவிட்டது. இப்போது தொலைபேசி என் கையில் இருக்கிறது. என்ன கதைப்பது என்றுதான் தெரியவில்லை.

மகள் யப்பானில் இருக்கிறாள். அங்கே புதிதாக வரப்போகிற ஓர் அதிவேக ரயிலுக்கு உட்புறம் வரைகிற அலுவலகத்தில் இரண்டு வருட ஒப்பந்தம். அது பங்குனியோடு முடிய இருந்தது. முடிந்ததும் ஜேர்மனிக்கு, ஹம்பேர்க்கில் என்னிடம் வருவாளா, அங்கேயே நிற்பாளா என்பதுதான் போன குளிர்காலம் முழுவதும் எனக்கிருந்த யோசனை. கேட்கப் பயம். கேட்டு, நிற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். கேட்காவிட்டால் இன்னும் ஒரு கிழமைக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் எடுப்பாள். அங்கே பின்னேரம். குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, இரண்டு மணிக்கூடுகள் வைத்திருக்கிறேன், ஒன்று அவளுடைய நேரத்துக்கு. பத்தாகி மூன்று நிமிடம் போனால் நில நடுக்கமோ என்று செய்தி பார்க்கத் தொடங்கிவிடுவேன். எடுத்துவிட்டால் சாப்பாடு, குளிர், உடம்பு என்று மூன்று கேள்வி. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சம் முழுவதும் கிடக்கும்.

நான் ரயில் பெட்டி துடைக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். மகள் ரயில் வரைகிறாள் என்று யாரும் சொன்னால் பெருமையைவிட முதலில் வருவது வெட்கம்தான். அவளுடைய வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாத தகப்பன்.

என்னோடு வேலை செய்கிற முல்லைத்தீவுப் பெண் ஒருநாள் இடைவேளையில் தன் தொலைபேசியை நீட்டினாள். நீண்ட அலகு வைத்த பறவை மாதிரி ஒரு ரயில்.

“அண்ணை, உங்கட மகளின்ர ரயிலோ இது? மூக்கைப் பார்த்தால் உங்களை வச்சுக் கீறினமாதிரிக் கிடக்கு.”

“மூக்கு அவளின்ர வேலையில்லை. அவள் உள்ளுக்கு.”

“அதுக்கென்ன, கேளுங்கோவன். கதைக்க ஒண்டுமில்லை எண்டு முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறியள். இந்தா, இவ்வளவு பெரிய மூக்குக் கிடக்கு.”

அன்றைக்கே, வைத்தியர் சந்திக்க நாள் குறித்து அனுப்பிய டெர்மின் கடிதத்தின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். மூக்கு ஏன் அவ்வளவு நீளம் என்றதற்கு மகள் சந்தோசமாகத்தான் பதில் சொன்னாள்.

“ரயில் வேகமாச் சுரங்கத்துக்குள்ள பூந்தால் முன்னால இருக்கிற காத்தை அமத்திக்கொண்டு போகும் அப்பா. அந்தக் காத்து மற்றப் பக்கத்தால வரேக்க வெடி மாதிரிச் சத்தம் கேக்கும். பக்கத்தில சனம் இருக்குதெல்லோ. மூக்கு நீண்டால் சத்தம் குறையும். ஆனா முதல் பெட்டியில ஆக்கள் இருக்கிற சீற் குறைஞ்சுபோம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்ததை வாசித்தேன். அவ்வளவு பின்னால் இருந்தால் சாரதிக்குப் பாதை தெரியுமோ? பறவை அடிபட்டால்? நிலம் நடுங்கினால்?

“அப்பா, அதுக்கெல்லாம் ஆக்கள் இருக்கினம். அதையும் நீங்கள் தலையில போடாதேங்கோ.”

ஆறு நிமிடம். இரண்டு நிமிடம் கூடியிருந்தது. ஆனால் அவளுடைய குரல் களைத்துப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு நான் கடிதத்தை எடுக்கவில்லை. புதுச் சீற்றின் மாதிரி ஒன்றைச் செய்து அலுவலகத்தில் வைத்திருப்பதாகவும், எல்லாரும் இருந்து பார்த்து நல்லது என்று சொன்னதாகவும் அவளாகச் சொன்னாள். என் வாய் தானாகக் கேட்டது.

“சுவர்ப்பக்கம் இடைவெளி எவ்வளவு? விரல் போகுமோ?”

“போகாது. வடிவா ஒட்டினமாதிரித்தான் இருக்கு. ஏன்?”

“அப்ப பிழை.”

“என்ன பிழை?”

“விரல் போகாது, கச்சான் கடலைக் கோது போகும். பணிஸ் தூள், சூயிங்கம், பிள்ளையளின்ர கலர்ப் பென்சில் எல்லாம் போகும். எனக்கு ஒருக்கா ஆரோ ஒராளின்ர கட்டுப்பல் வந்தது. ஒண்டில் விரல் போகவேணும், இல்லாட்டி ஒண்டுமே போகக்கூடாது. நடுவில விட்டியளெண்டால் அது எங்கட தலையில.”

ஐஸ்கிறீம் தடியில் ஈரத்துணி சுற்றி நான் அந்த இடைவெளியைக் கிண்டுவதைச் சொன்னேன். இடைவெளி அகலமான பக்கத்தால் முதலில் இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊத்தை இன்னும் உள்ளே போய்விடும். அந்தப் பக்கம் சத்தத்தைக் காணவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“பிள்ளை, நிக்கிறியோ?”

“எழுதிறன் அப்பா. சொல்லுங்கோ.”

தொலைபேசியை வைத்தபோது தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது. நாற்பது நிமிடம். மணிக்கூடு பிழையோ என்று மற்றதையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலைநாட்களிலும் எடுத்தாள். மேற்பார்வையாளரிடம் படம் எடுக்கலாமோ என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, தடியை இடைவெளிக்குள் விட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டோம். சந்தோசமாக இருந்தது. சந்தோசமாக இருக்கிறதே, என்ன வரப்போகிறதோ என்றும் இருந்தது.

மாசிக் கடைசியில் வந்தது.

“அப்பா, சுவர்ப்பக்கத்தை முழுக்க என்னட்டைத் தந்திருக்கினம். இஞ்ச துடைக்கிற ஆக்களோடயும் கதைச்சுச் செய்யட்டாம். இன்னும் மூண்டு வருசம் நிக்கக் கேக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ள மறுமொழி சொல்லவேணும். நான் என்ன சொல்ல?”

குளிர்காலம் முழுவதும் ‘வா’ என்று குசினியில் தனியே சொல்லிப் பழகியிருந்தேன். ஓரெழுத்துத்தான். சொல்லியிருந்தால் வந்திருப்பாள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தடியை அவள் கையில் கொடுத்தவன் நான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டிக்குள் ஏறியவர்தான் அதை முடித்துவிட்டு இறங்கவேண்டும். பாதியில் வேறொருவர் எடுத்தால் எது துடைத்தது, எது துடைக்காதது என்று தெரியாது. மகள் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள்.

“தொடங்கின பெட்டியை ஆர் முடிக்கிறது?” என்றேன்.

“தொடங்கின ஆள்.”

“பிறகென்ன என்னட்டைக் கேள்வி.”

“நீங்கள் அங்க தனிய அப்பா.”

“ஓம். தனியத்தான்.” அதில் பொய் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. “தனிய எண்டாப்போல கச்சான் கோதும் கட்டுப்பல்லும் உன்ர சீற்றுக்குள்ள கிடக்கட்டோ?”

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

திங்கட்கிழமை, முல்லைத்தீவுப் பெண் பெட்டி வாசலில் நின்று கேட்டாள்.

“மகள் எப்ப வாறாவாம் அண்ணை?”

“அந்த ரயில் ஓடின பிறகு.”

அவள் பகிடி ஒன்றும் விடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தன் பெட்டிக்குப் போய்விட்டாள்.

என் பெட்டியில் மூன்றாவது சீற்றில் தடி முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. முறிந்த துண்டு தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே பின்னேரம், வேலை முடிகிற நேரம். உடனே பதில் வந்தது: “எத்தனை மில்லிமீற்றர்?”

பையில் அளவுகோல் இருந்தது. இப்போது எப்போதும் வைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்க, சீற்றுக்கும் சுவருக்கும் இடையில் குனிந்தேன்.