மணித் தண்ணி

கோவில் மணியைக் கழற்றிக் கவிழ்த்துவைத்து அதில் தண்ணீர் ஊற்றியதை யாராவது கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். வருஷக்கணக்காக விளக்குப் புகை குடித்த எண்ணெய். ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. மணி நாக்கைச் சுற்றி ஈசல் சிறகோ, எந்தப் பூச்சியின் காலோ ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தத் தண்ணீரைத்தான் என் அக்கா ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு வந்தாள். என் மகளுக்குக் கொடுக்க. மணித் தண்ணி குடித்தால் பிள்ளைக்குப் பேச்சு மணி மாதிரி வருமாம்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு சொல் வரவில்லை. வேண்டியதைக் கை காட்டுவாள், இல்லாவிட்டால் என் கைலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரியில் காது சோதித்தார்கள். காது நல்லா இருக்கு, பொறுத்துப் பாருங்க என்றார் டாக்டர். எப்படிப் பொறுப்பது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பேன். டம்ளரைத் தட்டிப் பார்ப்பேன். அவள் திரும்பி, 'இப்ப என்னப்பா உனக்கு' என்பது போல ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறமும் எனக்குத் தீராது. மறுநாளும் போடுவேன்.

நான் பயந்தவன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதே, கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்துவார்களே என்ற பயத்தில்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தால் அதோடு சொல்லும் வரும். இப்படி ஆகிவிடுமோ, அப்படி ஆகிவிடுமோ என்று உள்ளுக்குள் நானே என்னிடம் பேசிப் பேசி, ஒரு வழியாகத் தூங்கிவிடுவேன். சொல்லே இல்லாத பிள்ளைக்குப் பயம் வந்தால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? அவளுக்குள் என்ன ஓடும்? ஏதாவது ஓடுமா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், இன்னொரு சொம்பு வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓங்கரிப்பு சீக்கிரம் வந்துவிடும். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டு மேல் எனக்குப் பஞ்சர் கடை. வால்வில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லாரும் விரலில் எச்சிலைத் தொட்டு வைப்பார்கள். நான் வைக்கமாட்டேன். தனியாக ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன். "என்ன மாப்ள, டியூபக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு விடுவியா?" என்று கிண்டல் செய்வார்கள். செய்துகொண்டே, பாக்கைக் குதப்பிப் படி ஓரத்தில் துப்பிவிட்டும் போவார்கள். நான் ச்சீ என்பேன். வீட்டுக்கு வந்தால் ஈ மொய்த்த பாத்திரம், சாக்கடை, பழைய பிடிதுணி. அதற்கும் ச்சீ. ஒரு நாளில் என் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் ஸ்கூட்டி டயரில் ஆணியோடு ஒரு காலேஜ் பிள்ளை வந்தது. நான் டியூபை உருவிக்கொண்டிருந்தேன். மகள் அன்றைக்குக் கடையில், ஒரு பழைய டயருக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "பாப்பா பேசுமா அண்ணே?" என்றது. எதை வைத்துக் கண்டுபிடித்தது? அதற்குப் படிப்பே அதுதானாம். சின்னப் பிள்ளைகள் பேச்சை எப்படிப் பிடிக்கிறார்கள், பேச்சு வந்த பிறகு நினைப்பு எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறதாம். தீப்பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டர். பிள்ளையின் நெஞ்சில் சின்னப் பை தைத்த சட்டையில் அதை வைத்து, ஒரு பகல் முழுக்க வீட்டில் நடக்கிற பேச்சைப் பதிவார்களாம்.

"எங்க மேடம் முழுசாக் கேப்பாங்க. பயப்படுற மாதிரி ஏதும் இருக்கா இல்லையான்னு அவங்களால சொல்ல முடியும். வேண்டாங்குற இடத்தை நீங்க சொன்னா அழிச்சிருவோம். ஒண்ணும் புதுசாச் செய்ய வேணாம் அண்ணே. எப்பவும் போல இருங்க, அம்புட்டுத்தான்."

எப்பவும் போல இருங்க. அதைத்தான் எங்கள் வீட்டில் யாராலும் செய்ய முடியவில்லை.

நான் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என் அக்காவிடம் போனில் சொன்னாள். பதிகிற நாள் காலையில் அக்கா சமயநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கிவிட்டாள், கையில் சொம்போடு.

"பாப்பாவுக்குப் பரீட்ச வைக்கிறாகளாம்ல?"

"பரீட்ச இல்லக்கா. சும்மா பேச்சப் பதியிறாங்க."

"காலேஜுல இருந்து வந்து பதியிறாங்க, மார்க்கு இல்லாமயா? போடா, ஒனக்கு என்ன தெரியும், நீ ஒம்பதாப்புல ஓடி வந்தவன்."

அவ்வளவுதான். காலேஜ் பிள்ளை வந்து ரெக்கார்டர் சட்டையை மாட்டிவிட்டுப் போனதும், அக்கா என் மகளுக்குத் தலை சீவி, பவுடர் அப்பி, ரெக்கார்டர் இருந்த பைக்குமேல் ஒரு மல்லிகைச் சரத்தையும் குத்திவிட்டாள். ரெக்கார்டருக்குப் பூ. போனில் இங்கிலீஷ் பாட்டைச் சத்தமாகப் போட்டு, பிள்ளையின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அது பாடுகிறது, இது பதிகிறது. மார்க்கு ஏறுகிறதாம்.

"ஆப்பிள் சொல்லு தங்கம். ஆ...ப்பிள்."

எங்கள் வீட்டில் ஆப்பிளே இல்லை. கொய்யாப் பழம் இருந்தது. பிள்ளை கொய்யாவைக் கை காட்டினாள். "அது வேணாம், ஆப்பிள் சொல்லு" என்றாள் அக்கா.

என் வீட்டுக்காரி அதைவிட மோசம். பிள்ளையோடு சண்டை போட்டு, கொஞ்சி, 'வாடி என் வெங்காயம்' என்று தூக்கிக்கொண்டு திரிபவள். அன்றைக்கு டிவியில் செய்தி வாசிக்கிற குரல் வந்துவிட்டது. "நாம் இப்பொழுது உணவு உண்ணலாமா?" என்று கேட்டாள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிள்ளை பின்னால் திரும்பி, யாரைக் கேட்கிறாள் என்று பார்த்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பவுடர் வேர்வையோடு சேர்ந்து பிள்ளையின் கழுத்தில் கோடு கோடாக வழிந்தது. மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்க ஆள் இல்லை. ஆப்பிள் சொல்ல வைக்க மட்டும் இரண்டு பேர்.

நானும் யோக்கியம் இல்லை. பிள்ளையின் நெஞ்சில் ரெக்கார்டரின் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே எனக்கு வாய் கட்டிப்போனது. காலையிலிருந்து ஒரு ச்சீ கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். அன்றைக்கு வீட்டில் ஊமை நான்தான்.

மத்தியானம் ஆனது. பிள்ளை சலித்துப்போய்க் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"இன்னும் ஒரு வார்த்த வரல. அந்தச் சொம்ப எடு."

போன மாதமே ஒரு தடவை கொடுத்து, பிள்ளை கக்கிவிட்டாள். அது பத்தவில்லையாம். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மருந்து புகட்டுகிற பாலாடையில் ஊற்றினாள். எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. ஒரு சிறகு சுற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதைச் சுண்டுவிரலால் எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சாமி தண்ணி" என்றாள். என் குடல் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். சிவப்பு விளக்கு. மூடிக்கொண்டேன்.

பிள்ளை பாலாடையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் என்னவோ சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை. மறுபடி பாலாடையைப் பார்த்தாள். மூக்கு நெற்றிவரைக்கும் சுருங்கியது.

"ச்சீ" என்றாள்.

தெளிவாக. என் குரலில் பாதி, அவள் குரலில் பாதி. பாலாடையை ஒரு தட்டு. தண்ணீர் அக்காவின் மடியில்.

போன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பிறகு என் வீட்டுக்காரி, செய்தி வாசிக்கிற குரலெல்லாம் போய், "ஏங்க... பாப்பா பேசிட்டா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மணித் தண்ணி வேல செஞ்சிருச்சு பாத்தியா!" என்றாள் அக்கா.

"குடிக்கவே இல்லையேக்கா."

"வாசம் போயிருக்கும்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, பிள்ளை யாரைப் பார்த்து, என்ன சொல்லியிருக்கிறாள் என்று. முகம் மாறிவிட்டது. "அத்தைகாரியப் பாத்து ச்சீங்குறா. மொத வார்த்த அம்மான்னு வரணும், முருகான்னு வரணும். இதப் போயி காலேஜுல பத்துப் பேரு கேட்டா, குடும்பத்தப் பத்தி என்ன நெனப்பாக? அழிக்கச் சொல்லிரு." வீட்டுக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதினி சொல்றதும் சரிதாங்க. அழிச்சிட்டு, இன்னொரு நாளைக்கு நல்ல வார்த்தையா..." என்று இழுத்தாள்.

எனக்கு வந்தது கோபம் இல்லை. குமட்டல். இரண்டரை வருஷம் காத்துக் கிடந்து வந்த சொல்லை, வந்த கையோடு கழுவி ஊற்றப் பார்க்கிறார்கள். அதை அழித்துவிட்டால் மேடம் எதைக் கேட்பார்? போன் பாட்டும் ஆப்பிளும், நடுவில் ஒரு ஊமைப் பிள்ளையும். அதை வைத்து என் மகளுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

சாயங்காலம் அந்தக் காலேஜ் பிள்ளை வந்தது. காதில் மாட்டிக்கொண்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா காப்பியை வைத்துவிட்டு, "மத்தியானம் ஒரு எடத்துல பிள்ள தப்பாச் சொல்லிருச்சு தாயி, அத மட்டும் எடுத்துரு" என்றாள்.

"பாப்பாவோட அப்பா நீங்க, நீங்க சொல்லுங்க அண்ணே. அழிச்சிரவா?"

கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்திவிட்டார்கள்.

"ஆப்பிள எடுத்துரு தாயி. பாட்ட எடுத்துரு. உணவு உண்ணலாமாவ எடுத்துரு. அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

அக்கா அன்றைக்கு என்னோடு பேசாமல் பஸ் ஏறினாள். சொம்பை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் காலேஜ் பிள்ளை கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னது: "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. காலையில இருந்து பாப்பாவச் சொல்லு சொல்லுன்னு சொன்னதுதான் இருக்கு. பாப்பாகிட்ட ஒருத்தரும் பேசல."

உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் இன்னும் அசிங்கமாக இருந்தது. அந்த வேகத்தில் நான் அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "சொல்லு இல்லாத பிள்ளைக்கு உள்ள நெனப்பு ஓடுமா தாயி?"

அது ஸ்கூட்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தது. "சொல்லு வாரதுக்கு முன்னாடியே நெனப்பு இருக்குன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. சொல்லு வந்த பெறகு நெனப்பு அந்தத் தடத்துலயே ஓடப் பழகிரும்னும் சொல்றாங்க. இன்னும் சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணே."

இவ்வளவு படித்தும் இன்னும் சண்டைதானா என்று சலிப்பாக இருந்தது. "என் மக?"

"பாப்பா நெனச்சிட்டுத்தான் சொல்லிருக்கா. ஒங்க மொகத்தப் பாத்திருப்பாளே?"

பார்த்தாள் என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் சொன்னதாகச் செய்தி வந்தது. பிள்ளை தாமதம்தான், ஆனால் சொல்லை இடம் பார்த்து வைக்கிறாள், முகம் பார்க்கிறாள், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள், பயப்படாதீர்கள் என்று. கடைசி வார்த்தையைத் தவிர மற்றதையெல்லாம் செய்கிறேன்.

இப்போது எனக்குப் புதுக் கவலை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஊரையே அளக்கிறாள். சாக்கடையைப் பார்த்து ச்சீ. அக்கா மனசு ஆறி வாங்கிவந்த ஆப்பிளைப் பார்த்து ச்சீ. கிரீஸ் கையோடு நான் தூக்க வந்தால் எனக்கும் ச்சீ. தடம் விழுந்துவிட்டால்? பார்க்கிற இடத்திலெல்லாம் அழுக்கைத் தேடுகிற கண்ணாகப் போய்விட்டால்? வேறு சொல் போடலாம் என்று என் வாய்க்குள் துழாவிப் பார்த்தேன். ச்சீ, தூ, கருமம், கண்றாவி, நாத்தம், எழவு. அழுக்கைச் சொல்ல இம்புட்டு இருக்கிறது. நல்லதைச் சொல்ல என்னிடம் இருந்தது ஒன்றுதான்: பரவால்ல.

போன வாரம் கடையில் ஒரு லாரி டியூபைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கித் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, கறுப்பு. அவள் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். ஓட்டையிலிருந்து சின்னச் சின்னதாகக் குமிழி கிளம்பியது. விரலை நீட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பாலாடையோடு பார்த்த அதே பார்வை.

"அந்தா" என்றேன். "அந்தா வருது பாரு. நான் பாக்குறதுக்கு முன்னாடி நீ பாத்துட்ட."

அவள் குமிழியைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். நான் டியூபைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். கை மரத்துப்போனது.

"ந்தா" என்றாள்.

லாரிக்காரர் எங்கள் தலைக்கு மேலாகக் குனிந்து, "என்ன மாப்ள, இன்னும் ஓட்ட கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, வாயில் அடக்கி வைத்திருந்த பாக்கைப் படி ஓரத்தில் துப்பினார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பழைய சொல்லையே சொன்னோம்.