பகவதி வாங்கிய ஆயில்

மல்லாபூரில் நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு லோடு அடிக்க வரும் வண்டிகளில் ஒன்றே ஒன்றைத்தான் பெண் ஓட்டுகிறாள். பெயர் பகவதி. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். இவள் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போடப் பழகியது எல்லாம் அங்கே குவார்ட்டர்ஸில். கணவர் ரகுநாதன் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். ஸ்கூட்டரைத் திருப்புவதற்கே சாமி கும்பிடுகிற ஆள். அவர் டிபன் கட்டிக் கொடுக்க, இவள் டீசல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மகள் மட்டும் அம்மா தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லும்.

டிஸ்பாட்ச் பார்ப்பது நான்தான் என்பதால் பகவதியின் வாயை நான் நன்றாக அறிவேன். பெட்டி ஒன்று ஓரம் நசுங்கியிருந்தால் வண்டியில் ஏற்ற விடமாட்டாள். காய்கறிக்காரர் தராசில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவாள். யாரையும் லேசில் நம்பாதவள். அதனால்தான் இந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது வாங்கிய வண்டி புது மாடல். புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் உண்டு. அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு கடைசியில் இன்ஜினையே பதம் பார்த்துவிடும். ஸ்டாண்டில் இருக்கும் டிரைவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கெட்டியான ஆயில்தான் இன்ஜினுக்குப் பலம் என்றார் ஒருவர். டிரம்மில் விற்கும் லூஸ் ஆயிலே போதும், எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்றார் இன்னொருவர். பகவதி யார் பேச்சையும் கேட்கவில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தை ரகுநாதனை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். அதில் போட்டிருந்த நம்பரும் எழுத்தும் எந்த கேனில் இருக்கிறது என்று கடை கடையாகத் திரிந்தாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். கடைசியில் எங்கள் கம்பெனி இருக்கும் தெருவிலேயே சுனில் கடையில் கிடைத்தது. விலையைக் கேட்டு முகம் சுளித்தாள், ஆனாலும் வாங்கினாள்.

ஆயில் மாற்றுவது மட்டும் பாலாநகரில், மெக்கானிக் சீனுவின் ஷெட்டில். வண்டிக் கம்பெனியின் சர்வீஸில் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். சீனுவின் மனைவி மங்களம் இவளோடு ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் வளர்ந்தவள், நாலு வயது மூத்தவள். பகவதிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. மங்களத்தை அக்கா என்பாள், சீனுவை மாமா என்பாள். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். கேனைத் தானே கொண்டுபோவாள். சீலைத் தன் கையால் உடைத்து சீனுவிடம் கொடுப்பாள். சூடான பழைய ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்து தீர அரை மணி நேரமாகும். அந்த நேரத்தில் ஷெட்டை ஒட்டியிருக்கும் வீட்டிலிருந்து மங்களத்தின் குரல் வரும். "பகவதி, வெயில்ல என்னா நிக்கிற? உள்ள வா, டீ போட்டிருக்கேன்." டீ, சூடாக ஏதாவது பலகாரம், குவார்ட்டர்ஸ் வம்பு. பேசி முடித்து வெளியே வந்தால் வண்டி தயாராக இருக்கும். இவள் ஆயில் ஸ்டிக்கை இழுத்து அளவு பார்ப்பாள், எல்லாம் பளபளவென்று இருக்கும். ஊரையே சந்தேகப்படுகிற பகவதி ஆற அமர உட்காருகிற ஒரே இடம் அந்தச் சமையலறைதான். "உஷா, அங்க போனா அம்மா வீட்டுக்குப் போன மாதிரி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

இப்படியிருக்க, வண்டியில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸில் காட்டினாள். ஃபில்டர் அடைத்திருக்கிறது, ஆயில் சரியில்லை என்றார்கள். சுத்தம் செய்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் எரிந்தது. இனியொரு தடவை அடைத்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த வண்டி நின்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

பகவதி நேராக சுனில் கடைக்குப் போனாள். தெருவே வேடிக்கை பார்க்க, போலி ஆயில் விற்கிறவன் என்று கத்தித் தீர்த்தாள். சுனில் பாவம், சீலைக் காட்டினார், பில்லைக் காட்டினார். பகவதி கேட்கவில்லை. "என் கையால சீல் உடைச்சேன், எங்க மாமா கையால ஊத்தினார். நடுவுல யார் இருக்கா? நீதான்!" என்றாள். அந்த மனிதர் அதற்கப்புறம் இவளைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். இருந்தும் வேறெங்கும் அந்த ஆயில் கிடைக்காததால், அடுத்த கேனையும் முறைத்துக்கொண்டே அவரிடம்தான் வாங்கினாள். இந்தத் தடவை அங்கேயே நின்று மூடியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினாள்.

அன்று எனக்கும் பாலாநகரில், அட்டை வெட்டும் அச்சான டை ஒன்றை வாங்கி வரும் வேலை இருந்ததால் அவளோடு வண்டியில் ஏறினேன். ஷெட்டுக்குப் போனபோது சீனுவின் வீடு பூட்டியிருந்தது.

"மங்களம் இல்லம்மா. செகந்திராபாத்ல அவ தங்கச்சி பொண்ணுக்கு வளைகாப்பு. நாளைக்கு வாயேன்" என்றார் சீனு.

"நக்கோ மாமா, நாளைக்கெல்லாம் வேணாம், சாயங்காலம் லோடு இருக்கு. அக்கா இல்லன்னா என்னா? நான் இங்கயே நிக்கிறேன், நீங்க கழட்டுங்க."

சீனுவுக்கு மனமே இல்லை. மெதுவாக வண்டிக்கு அடியில் போய் நட்டைக் கழற்றினார். ஆயில் வடிய ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து, "முக்குக் கடையில டீ நல்லாருக்கும், ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன்" என்றார். பகவதி நகரவில்லை. ஆயில் வடிந்து தீர்ந்தது. இன்ஜினின் ஆயில் ஃபில்டரை மாற்றினார். மாற்றிய ஃபில்டரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பகவதி சீலை உடைத்துக் கேனை நீட்டினாள். வாங்கி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, நட்டு லூசாக இருக்கிறது என்று மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. மங்களம் இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் சந்தனம்கூடக் காயவில்லை. மூச்சு வாங்கியது.

"பகவதி! நீ வந்திருக்கேன்னு இவரு போன்ல சொன்னாரு. வா வா, உள்ள வா, டீ போடறேன். நீங்களும் வாங்கம்மா" என்று என்னையும் கூப்பிட்டாள்.

எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. சொந்தத் தங்கை மகளின் வளைகாப்பை விட்டுவிட்டு, கூட வளர்ந்தவளுக்கு டீ போட ஓடி வருகிறாளே என்று உருகிவிட்டேன். பகவதிக்கும் கண் கலங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"வளையல் அடுக்கி முடிச்சாச்சாக்கா?"

"இல்ல... பாதியில வந்துட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் அப்புறம். நீ மொதல்ல உள்ள வா."

பகவதி வாசற்படியில் நின்றுவிட்டாள். பூட்டில் சாவியைப் போடும்போதே மங்களம் ஷெட் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நானும் கவனித்தேன்.

"ஒரு டீக்காகவா அக்கா?" என்று கேட்டாள் பகவதி.

பகவதி கையை விட்டுவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்டூல் மேல் இருந்த கேனைக் காணோம். ஷெட்டின் தகரக் கதவுக்குப் பின்னால் அது நிறைந்தபடியே இருந்தது. சீனு இன்ஜின் பக்கம் குனிந்து, அதே மாதிரி இன்னொரு கேனிலிருந்து ஊற்றத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் லூஸ் ஆயில் டிரம். இவள் வாங்கிய நல்ல ஆயிலை வேறு வண்டிக்காரர்களுக்கு விற்றுவிட்டு, இவள் வண்டிக்கு டிரம்மிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமையலறை அதற்குத்தான்.

சுனிலிடம் தெருவையே கூட்டிச் சண்டை போட்ட பகவதி, இங்கே "கீழ நட்டைக் கழட்டுங்க. ஊத்தினதை எடுங்க" என்று மட்டும் சொன்னாள். சீனு தலை நிமிராமல் கழற்றினார். அது முழுவதும் வடியும் வரை அங்கேயே நின்றாள். பிறகு நட்டைத் தானே படுத்து இறுக்கினாள், தன் கேனைத் தானே தூக்கி ஊற்றினாள். புடவையெல்லாம் கறை.

மங்களம் பூட்டின வீட்டு வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். பகவதி வண்டியில் ஏறும்போது பக்கத்தில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிக்குத்தானே பண்ணாரு பகவதி, உனக்கா பண்ணாரு?" என்றாள். பகவதி அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போவன்பள்ளியைத் தாண்டினோம். ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னாள்.

"ஆயில் போவட்டும் உஷா. அந்தாளு திருடன், அவ்ளோதான். அக்கா எப்படி ஓடி வந்தாங்க பாத்தியா? எங்கம்மா செத்தப்போ பாலாநகர்ல இருந்து லாலாகுடா வர ஆட்டோ கிடைக்கலன்னு மறுநாள்தான் வந்தாங்க. நானும் நம்பினேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள்.