சூரரமகளிர் என்று ஒரு தடவை

ஜூலை 9, செவ்வாய். ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழைமானியைப் பார்த்துக் குறித்தேன். பால் விடாத கட்டன்சாயா, குமுளிக் கடைவீதி வரை நடை, பால். ஏழரைக்குக் கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடமிருந்து செய்தி: "அப்பா, சூரரமகளிர்ங்கறத எப்படிப் பிரிச்சுச் சொல்லணும்? நாளைக்கு வகுப்புல வாசிக்கணும். பேசி அனுப்புங்க."

சூர் என்றால் அச்சம். அரமகளிர், தெய்வப் பெண்கள். மலையில் உலவி, கண்டவரை நடுங்கவைப்பவர்கள். சூர் என்று சொல்லி, சற்று நிறுத்தி, அரமகளிர் என்க. இவ்வளவையும் எழுதி அனுப்பிவிட்டேன். பேசத்தான் வரவில்லை. காலையில் கடைவீதி முழுக்க ஏலக்காய் வாசனை. அது என்னை இருபத்துமூன்று வயதுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது.

அப்போது நான் ஓர் ஏலத்தோட்டத்தில் ஆள்வருகை எழுதும் ரைட்டர். காய் எடுக்கும் பெண்கள் பதினொரு பேர். மேல்காட்டில் பனி இறங்கினால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருத்தி தன் தகர வாளியைக் கத்தியால் தட்டுவாள், அடுத்தவள் தட்டுவாள். பக்கத்துத் தட்டலைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் பாதைக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் பத்து மணிச் சாயாவின்போது, அகராதியில் புதிதாய்க் கண்ட இந்தச் சொல்லை உரக்கச் சொல்லிப் பொருளும் சொன்னேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ள வேறு வழி தெரியாத வயது.

"வந்தா அவளுக்கும் ஒரு பேரு போட்டிருங்க தம்பி, காய் நெறையக் கெடக்கு" என்றாள் செல்லம். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளான புஷ்பம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க வச்சுச் சொல்லாதீக தம்பி. நாங்க அவுகளப் பத்திப் பேசுறதே இல்ல."

அரைமணி நேரத்தில் பனி மூடியது. தட்டல்கள் வந்தன. விரல் மடக்கி எண்ணினேன். பத்து. மறுபடி தட்டினார்கள். பத்துதான். செல்லத்தின் வாளி கேட்கவில்லை. அவள் இருந்த பக்கம் பாறைச்சரிவு.

"பேரச் சொல்லாதீக" என்று புஷ்பம் அக்கா என் கையைப் பிடிப்பதற்குள் "செல்லம்" என்று கத்திவிட்டேன். ஒரே தடவை. சரிவுக்கு அப்பாலுள்ள பாறையில் மோதி என் குரல் திரும்பி வந்தது. ஏலச்செடியின் தட்டைகள் முறியும் சத்தம் அந்தப் பாறையை நோக்கி நகர்ந்தது.

புஷ்பம் அக்கா வாளியைத் தட்டிக்கொண்டே பனிக்குள் போனாள். வெகுநேரம் கழித்து, செல்லத்தின் இடுப்பைப் பிடித்தபடி திரும்பினாள். வழுக்கி விழுந்ததில் செல்லத்தின் வாளி சரிவில் உருண்டுவிட்டதாம். தட்ட எதுவும் இல்லை.

"இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா போயிருப்பேன். நீங்கதான அங்கிட்டு நின்னு கூப்பிட்டீக" என்றாள் என்னிடம். "மூணு தடவ."

எதிரொலியைச் சேர்த்தால் இரண்டு. அன்றைய குறிப்பிலும் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இப்போது அங்கே பிளாஸ்டிக் வாளிகள்; தட்டினால் சத்தம் தூரத்துக்குக் கேட்காது. ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. மேல்காட்டில் நின்றும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று கையைப் பிடிக்கப் புஷ்பம் அக்கா இல்லை.

ஜூலை 10. ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழைமானியைப் பார்ப்பதற்கும் முன்பாக, மலைப்பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, மகளுக்காக அந்தச் சொல்லைப் பதிவுசெய்தேன். தாழ்ந்த குரலில், ஒரே தடவை.