டோலினாவின் கொடியில் காலுறை

டோலினாவைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கர்த்தர் என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் விருந்தாளிகளுக்கு அறை விடுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். என் வீட்டில் இறகு மெத்தை, வெண்ணெய் உருகும் ஓட்ஸ் ரொட்டி. அவள் வீட்டில் ஒழுகும் கூரை. ஆனாலும் வருகிறவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். அவள் படகோட்டியின் விதவை. பழைய ஓக் காட்டில் எந்த மரத்தில் எந்தப் பாசி படரும் என்று அவளுக்குத் தெரியும். படித்தவர்கள் மழையில் அவள் பின்னால் ஓடுவார்கள். நானும் அதே காட்டில் சுள்ளி பொறுக்கி வளர்ந்தவள்தான். என்னை யார் கேட்டார்கள்?

கிளாஸ்கோவிலிருந்து வரும் பிரிங்கிள் அம்மா ஆறு வருடமாய் என்னிடமே தங்கியவள். இந்த மே மாதம் டோலினா வீட்டில் போய் இறங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம் திருவிருந்து ஞாயிறு. கோயிலுக்குப் போகையில் பார்க்கிறேன், டோலினாவின் கொடியில் ஈரக் காலுறைகள்! ஓய்வுநாளில் இங்கே துணி உலர்த்துவது பாவம், எடுப்பதும் வேலைதான். எனக்கு மனசு குளிர்ந்தது. பின்னால் வரும் சபை மூப்பர் டார்க்வில்லும் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.

"என்னம்மா டோலினா, அக்கரை வரைக்கும் தெரியுதே! யாரு போட்டது?" என்றார் மூப்பர்.

வாசலில் பிரிங்கிள் அம்மா சிவந்துபோய் வாயைத் திறந்தாள். டோலினா முந்திக்கொண்டாள். "என் வீட்டுக் கொடி, மூப்பரே. நான்தான் பதில் சொல்லணும்."

"அப்ப வில்லையைக் குடு."

சபை தரும் அந்த ஈய வில்லை இல்லாமல் திருவிருந்துப் பந்தியில் யாரும் அமர முடியாது. இருபது வருடத்தில் டோலினா ஒரு பந்திகூடத் தவறியதில்லை. மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மூப்பரே, காலுறை பிரிங்கிள் அம்மாவோடது. குதிகால்ல பச்சை நூல் நான் தைச்சது. என் வீட்டுல சனிக்கிழமையே நான் வாங்கித் துவைச்சிருவேன். இங்க கேக்க ஆளில்ல. பட்டணத்து அம்மா, அவங்களுக்கு நம்ம ஓய்வுநாள் என்ன தெரியும்?" என்றேன்.

மூப்பர் வில்லையைத் திருப்பிக் கொடுத்தார். பிரிங்கிள் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஏண்டி, அவங்க மானத்த வாங்கித்தான் எனக்கு இடம் புடிக்கணுமா?" என்றாள் டோலினா. வில்லையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, கோயிலுக்கு வராமல் அவளைத் தேற்ற உள்ளே போனாள்.

அன்று நானும் பந்தியில் அமரவில்லை. ஆண்டவருடைய அப்பத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுகூட டோலினாவுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன்.