மூன்றில் ஒருத்தி

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் அவளுடைய அக்கா. ஒன்பதாம் மாதத்தில் பேச ஆரம்பித்தவள் இருபத்திரண்டு வயதாகியும் நிறுத்தவில்லை என்பது அக்காவின் புகார். அவள் நேரம், வாயே திறக்கக் கூடாத வேலையாகப் பார்த்துக் கிடைத்தது.

மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட அறை. அறுபது கணினிகள், அறுபது நாற்காலிகள். திரையில் ஒரு படம் வரும். அதில் இருப்பவர் யார் என்று பார்த்து, பக்கத்துப் பட்டியலில் ஒரு சொல்லை அழுத்த வேண்டும். ஓட்டுநர், நோயாளி, வாடிக்கையாளர், மெக்கானிக். இப்படி லட்சக்கணக்கான படங்களைக் காட்டித்தான் செயற்கை நுண்ணறிவுக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "அதுக்கு நாங்கதான் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்" என்று ரேடியோ வீட்டில் பீற்றிக்கொள்வாள்.

ஒவ்வொரு படமும் மூன்று பேருக்குப் போகும். அந்த மூன்று பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் ஒரே பதிலை அழுத்திவிட்டால் அதுதான் சரி. மூன்றாவது ஆளின் திரையில் சிவப்புக் கட்டம் விழும், நூறு மதிப்பெண்ணில் அரை குறையும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் நாற்காலி காலி.

அன்று காலை ரேடியோவின் மதிப்பெண் தொண்ணூற்றொன்று.

வந்த படத்தில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்கூட்டரின் பின் சக்கரம் கழன்று கிடந்தது. கையில் ஸ்பேனர், முழங்கை வரை கிரீஸ். ரேடியோ யோசிக்கவே இல்லை. மெக்கானிக் என்று அழுத்தினாள். பத்து நிமிடத்தில் சிவப்புக் கட்டம் விழுந்தது. சரியான விடை: வாடிக்கையாளர்.

"அடப் பாவிங்களா!"

அறையில் அத்தனை தலைகளும் திரும்பின. மேற்பார்வையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கும் அம்மாள். அறையில் பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

"என்ன சத்தம்?"

"நீங்களே பாருங்க மேடம். கையில ஸ்பேனர் இருக்கு. வண்டி பிரிஞ்சு கிடக்கு. கஸ்டமர் எதுக்குச் சக்கரத்தைக் கழட்டப் போறாங்க, பொழுது போகலையா?"

அவர் படத்தைப் பார்த்தார். சற்று அதிக நேரமே பார்த்தார்.

"ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. சட்டம் நான் போட்டதில்லை. இப்போ உனக்குத் தொண்ணூறரை. சிவப்பு இன்னும் ரெண்டு விழுந்தா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

இது முதல் தடவை இல்லை. கிரேன் ஓட்டிய பெண்ணைப் பயணி என்றார்கள். மின்கம்பத்தில் ஏறி நின்றவளைப் பொதுமக்கள் என்றார்கள். இரண்டு மாதத்தில் ரேடியோவுக்கு விழுந்த சிவப்பு பத்தொன்பது.

சாயங்காலம் நேராக அக்காவின் ஸ்கூட்டர் பட்டறைக்குப் போனாள். அக்கா ஒரு வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள். அக்காவின் கணவர் பக்கத்துக் கடையில் தையல்காரர். வேலை முடிந்து, அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ரேடியோ மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"கஸ்டமராமா?" அக்கா தலையை வெளியே எடுத்தாள். "அப்போ நான் பன்னிரண்டு வருஷமா இங்க பில்லு வாங்கவா உக்காந்திருக்கேன்?"

"என்னைப் படம் எடுத்துப் போட்டுப் பாரு" என்றார் மாமா. "மெக்கானிக்குன்னு சொல்லும்."

"நீங்களா மாமா? ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அந்த மெஷினுக்கு மட்டும் தெரியுமா?"

ரேடியோ அவரையே பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள். முதலில் அக்காவைப் படம் எடுத்தாள். அடுத்து அதே இடத்தில், அதே வண்டிக்குப் பக்கத்தில், அக்காவின் நீல உடுப்பை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு மாமா குந்தினார். வயிற்றருகே இரண்டு பொத்தான்கள் தெறித்து ஓடின.

"தையக்காரன் மானம் போச்சு. வயித்துக்கு மேல எடு" என்றார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு மேசையில், ரேடியோ கேட்டுவிட்டாள். அவள் வரிசையில் உட்காருபவர்கள் பதினோரு பேர். அதில் மூத்தவனுக்கே இருபத்தைந்துதான்.

"நேத்து ஸ்கூட்டர் படம் யாருக்கெல்லாம் வந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்."

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையன் டப்பாவுக்குள் பார்த்தபடி கையைத் தூக்கினான்.

"கஸ்டமர்னு போட்டவன் நீதானா? கண்ணு எங்க வெச்சிருந்தே?"

"மெக்கானிக்குன்னு தெரிஞ்சுது ரேடியோ. ஆனா மத்த ரெண்டு பேரும் கஸ்டமர்னுதான் போடுவாங்கன்னு நினைச்சேன். எதுக்கு வம்புன்னு நானும் அதையே போட்டேன்."

எதிரே இருந்த பெண் இருமினாள். தடித்த கண்ணாடி போட்டவள், பூதம் என்று செல்லப் பெயர். "எனக்கும் வந்துச்சு. நானும் அப்படி நினைச்சுத்தான் போட்டேன்."

 மூன்று பேருக்கும் மெக்கானிக் என்று தெரிந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பேர் மற்றவர்களுக்குப் பயந்து வாடிக்கையாளர் என்று அழுத்தியிருக்கிறார்கள். முதலில் சிரித்தது பூதம்தான். பிறகு மேசையே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஒவ்வொருவராகத் தாங்கள் அப்படி அழுத்திய படங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மதிய இடைவேளை போதவில்லை.

அறையின் மூலையில் ஒரு சோதனைக் கணினி உண்டு. தாங்கள் பழக்கிய இயந்திரம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படம் போட்டுப் பார்க்கலாம். பதினோரு பேரும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ரேடியோ அக்காவின் படத்தைப் போட்டாள். வாடிக்கையாளர் என்றது. மாமாவின் படத்தைப் போட்டாள். மெக்கானிக், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உறுதி என்றது.

"ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்காரு!" நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன கூத்து இங்க?" பின்னால் மேற்பார்வையாளர்.

 அவர் இரண்டு படங்களையும் பார்த்தார். பிறகு தன் கைபேசியை ரேடியோவிடம் நீட்டினார்.

"என் சீட்ல வெச்சு என்னை ஒரு படம் எடு."

எடுத்துப் போட்டார்கள். வரவேற்பாளர் என்றது இயந்திரம். அதே நாற்காலியில் நெட்டையை உட்கார வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவன். மேலாளர் என்றது.

"வணக்கம் சார்" என்று பூதம் நெட்டையைக் கும்பிட்டாள். மேற்பார்வையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இதுக்கு இதையெல்லாம் யார் கத்துக் கொடுத்தது?"

"நாமதான் மேடம்" என்றாள் ரேடியோ.

அன்றே, வேலை கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். பெண்களுக்காகப் பட்டியலில் ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம், கை என்ன செய்கிறதோ அதைப் பார்த்துச் சொல்ல விடுங்கள் என்று கேட்டார்கள். ஒருவர் தனியாக நின்றால் உடனே சிவப்பு போடாமல் நாலாவது கண் ஒன்று பார்க்கட்டும் என்றும் கேட்டார்கள். அக்கா, மாமா படங்கள் இரண்டையும் இணைத்தார்கள். பக்கத்துக் கட்டடங்களில் இதே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் செய்தி போனது. வார முடிவில் நூற்று நாற்பது கையெழுத்து. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடவில்லை. தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதி மேலே வைத்து அனுப்பினார்.

பதில் வருவதற்குள் ரேடியோவுக்கு இன்னொரு சிவப்பு விழுந்தது. சரியாகத் தொண்ணூறு.

"பதில் வர்ற வரைக்கும் ஊரோட ஒத்துப் போ" என்று நெட்டை காதருகே முணுமுணுத்தான். "உன் சீட்டு போனா இந்த ரூம்ல உயிரே இருக்காது."

அடுத்த படத்தில் மண் அள்ளும் இயந்திரம். மேலே கூண்டுக்குள் ஒரு பெண், இரண்டு கையும் இரண்டு கியர்க் கம்பியில். ரேடியோவின் விரல் பார்வையாளர் என்ற சொல்லின் மேல் போய் நின்றது. வீட்டு வாடகை, அக்காவின் முகம், எல்லாம் கண்முன் வந்து போயிற்று. விரலை நகர்த்தி ஓட்டுநர் என்று அழுத்தினாள். அந்தத் திரையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனாள். இரண்டு தம்ளர் குடித்தாள். மூன்றாவதையும் நிரப்பினாள்.

திரும்பி வந்தபோது கட்டம் பச்சையாக இருந்தது. மூன்றுக்கு மூன்று.

அறையில் யாரோ இருவர் அன்று தங்கள் கண்ணையே நம்பியிருக்கிறார்கள். யார் என்று தெரியாது. ரேடியோ எழுந்து நின்று அறை முழுவதையும் பார்த்துச் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, வேலை கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் திரையில் வந்து பேசினார். இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம் சார்" என்றாள் ரேடியோ. "சும்மா இருக்கிறதுக்குத்தானே மார்க்கு வெச்சிருந்தீங்க."

அவர் சிரித்தபடி தலையாட்டினார். விதி மாறியது. பழைய சிவப்புகளை எல்லாம் மறுபடி திறந்து பார்த்தார்கள். ரேடியோவின் இருபதில் பதினாறு சரி. மீதி நாலில் ஒன்று, தன் வண்டி ரிப்பேர் ஆவதை நின்று வேடிக்கை பார்த்த நிஜமான வாடிக்கையாளர். பெண்ணைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெக்கானிக் என்று அழுத்தியிருக்கிறாள்.

"ஆர்வக் கோளாறு" என்றார் மேற்பார்வையாளர், தாளை நீட்டி. "அதையும் சேர்த்து நாலுக்கு ரெண்டு மார்க் போச்சு. மிச்சம் தொண்ணூற்றெட்டு. போய் உன் சீட்ல உக்காரு."

உட்கார்ந்தாள். புதிய படம் வந்தது. வரிசையாகச் சின்னச் சின்னத் தொட்டில்கள். நடுவில் தாடி வைத்த ஒரு மனிதர், ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்று அவருடைய காலைக் கட்டிப் பிடித்திருந்தது. பட்டியலில் தந்தை, விருந்தினர், மருத்துவர் எல்லாம் இருந்தன. ரேடியோ தொட்டில்களை எண்ணினாள். பதினான்கு. பிறகு அந்த மனிதரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

குழந்தைக் காப்பாளர் என்று அழுத்தினாள். உடனே பச்சை.

வரிசையின் கோடியிலிருந்து நெட்டை விசிலடித்தான். மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி, விசில் எங்கிருந்து வந்தது என்று தேடுவது போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.