புகார்ப் பெட்டிக் குருவி

வெள்ளையம்மாளுக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அவிநாசிபாளையம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் கம்பெனியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டுச் சலித்துப்போய், போன வருட ஆடிட் முடிந்த மறுவாரம் ஒரு தாளில் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டாள்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர் வசதிகளைச் சரிபார்க்க அனுப்பும் ஆடிட்டர் கேட்பார் என்பதற்காகவே சுவரில் மாட்டிய மரப்பெட்டி அது. சாவி இருக்கும் இடம் கடவுளுக்கும் மேனேஜர் சிவபிரகாஷுக்கும் மட்டுமே தெரியும். அதில் மேனேஜர் மறந்துவிட்டார். பலகை பெயர்ந்த ஓட்டை வழியாக ஒரு சிட்டுக்குருவி ஜோடி அதில் குடியேறியது. வெள்ளையம்மாளுக்கு அடுத்தபடியாக அந்தப் பெட்டியை நம்பியது அவைதான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ கப்பில் தண்ணீர் வைத்தாள். கூடு கட்ட நூல் பிசிறு போட்டாள், அதையும் விரற்கணு அளவுக்கு நறுக்கி. நீளமாக இருந்தால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். அவள் வெட்டியதில் குறை சொல்லாத செக்கிங் ஆட்கள் அந்தக் குருவிகள் மட்டுமே.

இந்த வருட ஆடிட்டுக்கு வந்த அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாவி இல்லாததால் சிவபிரகாஷ் சுத்தியலோடு வந்தார். வெள்ளையம்மாள் குறுக்கே ஓடி வந்தாள்.

"மெதுவா சார். உள்ள குஞ்சு இருக்கு."

பூட்டு உடைந்தது. நான்கு குஞ்சுகள் வாயைப் பிளந்தன. கூட்டுக்கு அடியில் ஒரு மடித்த தாள் தெரிந்தது.

"அது நான் எழுதிப் போட்டது" என்றாள் வெள்ளையம்மாள்.

தாளை எடுக்கப்போன சிவபிரகாஷை ஆடிட்டர் அம்மா தடுத்தார். "கூட்டைக் கலைக்காதீங்க. குஞ்செல்லாம் பறந்ததும் படிச்சுக்கலாம்."

அவர் படம் எடுத்தார். அறிக்கையில் கம்பெனியின் உயிர்நேயத்தைப் புகழ்ந்து நாலு வரி எழுதினார். பூட்டில்லாத பெட்டிக்குள் பூனை புகுந்துவிடுமே என்று கவலையும் பட்டார். அரை மணி நேரத்தில் தச்சர் வந்து பெட்டிக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். அதைப் பார்த்த வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

சாயங்காலம் சிவபிரகாஷ் பூரித்துப்போய் வந்தார். "அக்கா, உங்க குருவியால கம்பெனிக்கு நல்ல பேருங்க. அதுக்கு வேற ஏதாச்சும் வேணுங்களா?"

வெள்ளையம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம் சார். அடுத்த தடவை எங்க கக்கூசுல வந்து முட்டை வைக்கச் சொல்றேன்."