கலியபெருமாள் சொன்ன சந்து

கலியபெருமாளை அறிந்த பெருமக்களே, உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போவதாக இதன்மூலம் உறுதிகூறுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வஞ்சிரம். திமிங்கிலத்துக்குச் சித்தப்பா முறை வரும். போன் அடித்தது. கலியபெருமாளின் மகள்.

"மாமா, அப்பா போயிட்டாரு. டீ எடுத்துட்டு வந்து பாத்தா அப்படியே கெடக்கறாரு."

"சரிம்மா" என்றேன். பிறகு மீன்காரம்மாவிடம், துண்டு இரண்டு விரல் கனம் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில் அவர் இயற்பியல் நடத்தினார், நான் தத்துவம். கடலூரிலிருந்து தினமும் ஒரே பஸ். உலகம் உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபிக்க நான் மேசையை ஓங்கித் தட்டுவேன்; பரங்கிப்பேட்டையில் கடல் ஓரடி உள்வாங்கும். ஒருநாள் ஆசிரியர் அறையிலும் தட்டினேன்.

"நீ மேசைய தொடவே இல்ல மச்சான்" என்றார் கலியபெருமாள். "உன் கையில இருக்கற எலக்ட்ரான மேசையில இருக்கறது தள்ளுது. நடுவுல சந்து இருக்கு."

"அப்ப கை ஏன்யா வலிக்குது?"

"வலி நெசம். தொட்டேன்னு நெனக்கிற பாரு, அது நீயா கட்டுன கதை."

அத்தோடு என் பாடம் தலைகீழானது. 'பொருள் இருக்கிறது' என்று நடத்தியவன், 'தள்ளுகிறது, ஆகவே இருப்பதாகத் தெரிகிறது' என்று நடத்தத் தொடங்கினேன். பஸ்ஸிலும் சீட்டுக்கு மயிரிழை மேலே மிதந்தபடியே ஒரு வாரம் போய்வந்தேன். "ஒக்காரலன்னாலும் டிக்கெட் உண்டு சார்" என்றார் கண்டக்டர். கலியபெருமாள் சிரித்த சிரிப்பு குமராட்சி வரை கேட்டது.

அவர் சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கடைசியாக ஒருமுறை அவரைத் தொட்டுவிட வேண்டும் என்பது மட்டும் இருந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளிக் குனிந்தேன். உதட்டுக்கு ஒரு நெல் அகலம் மேலே விரல்கள் நின்றுவிட்டன.

"தொட்டே போடுங்க மாமா" என்றாள் மகள், பின்னாலிருந்து. "அப்பா இப்ப ஒன்னும் சொல்ல மாட்டாரு."

அரிசி விழுந்தது. விரல் இறங்கவில்லை. வரிசையில் அடுத்தவர் காத்திருந்தார். நகர்ந்துவிட்டேன்.

மீனின் அளவு, கடல், மிதந்தது எல்லாம் என் கைச்சரக்கு, நம்ப வேண்டாம். அந்த ஒரு நெல் அகலம் மட்டும் நடந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதுதான்.